ரீஃபர் ஜென்செட் சூடேறி நின்றால்: புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு

குளிரூட்டிக் கொள்கலன் (ரீஃபர்) ஏற்றிய லொறியில் இரண்டு என்ஜின் ஓடும். ஒன்று லொறியை இழுப்பது. மற்றது கொள்கலனின் நெற்றியில் மாட்டியோ, ட்ரெயிலரின் அடியில் தொங்கியோ இருக்கும் சின்ன டீசல் என்ஜின். கொள்கலனின் குளிர் மெஷினுக்கு மின்சாரம் தருவது அதுதான். நாங்கள் அதை ஜென்செட் என்போம். அமெரிக்காவில் நெடுந்தூர லொறிகளில் ஏபியு என்று ஒன்று உண்டு. டிரைவர் படுத்துறங்கும் கெபினுக்கு ஏசியும் ஹீட்டரும் கொடுக்கிற, பெரும்பாலும் இரண்டு சிலிண்டர் கொண்ட குட்டி டீசல். இங்கே அதைக் காண்பது அரிது. ஆனால் ஏபியுவுக்கு வருகிற நோய்கள்தான் ஜென்செட்டுக்கும் வரும். அதனால் இதில் எழுதியிருப்பது பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும்.

கொழும்புத் துறைமுகத்திலிருந்து வெளியே வரும் ரீஃபரில் அப்பிள், திராட்சை, உறைந்த மீன், சீஸ் என்று ஏதாவது இருக்கும். உள்ளே போகும் ரீஃபரில் ஏற்றுமதிக்கான சூரை மீனோ இறாலோ இருக்கலாம். ஜென்செட் நின்றதும் அந்தச் சரக்கின் ஆயுள் குறையத் தொடங்கிவிடும். அந்தப் பதற்றத்தில்தான் எல்லாப் பிழைகளும் நடக்கின்றன. நின்றதும் பட்டனை அழுத்துவது, திரும்ப நின்றதும் திரும்ப அழுத்துவது. ஜென்செட் தானாக நின்றதென்றால் பெரும்பாலும் அதற்குள் இருக்கும் ஒரு பாதுகாப்புச் சுவிட்சோ சென்சரோ அதை நிறுத்தியிருக்கிறது. எது நிறுத்தியது, ஏன் நிறுத்தியது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. திரும்ப ஸ்டார்ட் பண்ணுவது அதற்குப் பிறகு.

இதை நான் கற்றுக்கொண்டது நல்ல வழியில் அல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், யார்டில் ஒரு ஜென்செட் அரை மணிக்கொரு தடவை சூடு காட்டி நின்றுகொண்டிருந்தது. மூத்தவர் ஒருவர், "சென்சர்தான் பிழை, வயரைக் கழற்றி விடு" என்றார். கழற்றினேன். மெஷினும் நிற்காமல் ஓடியது. வரக்காப்பொல தாண்டும்போது என்ஜின் இறுகிப்போய் நின்றது. சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது, உள்ளே இருந்த மீனும் போயிற்று. சென்சரில் ஒரு பிழையும் இருக்கவில்லை. ரேடியேற்றர் முழுக்க அடைத்திருந்தது. நான் டோர்ச் அடித்துப் பார்த்திருந்தால் இரண்டு நிமிட வேலை அது.

கை வைக்க முன்

ஜென்செட்டிலிருந்து வருவது வீட்டு மின்சாரம் அல்ல. பொதுவாக 460 வோல்ட், மூன்று பேஸ், 60 ஹேர்ட்ஸ், 15 கிலோவாட் அளவு. பிடித்தால் விடாது. ஒழுங்கு இதுதான்: முதலில் கொள்கலனின் குளிர் மெஷின் சுவிட்சை ஓஃப் பண்ணுங்கள். பிறகு ஜென்செட்டின் பிரேக்கர், அதற்குப் பிறகு என்ஜின். கடைசியாகத்தான் பிளக்கைக் கழற்றலாம். சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கை இழுத்தால் கையிலேயே நெருப்புப் பொறி பறக்கும். மழை நாளில் கையைத் துடைத்துவிட்டு, காய்ந்த இடத்தில் நின்று இந்த வேலையைச் செய்யுங்கள்.

பெல்ட், ஃபேன் பக்கம் கை போகப் போகிறதென்றால் பற்றரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். ஏபியுக்களும் சில ஜென்செட்டுகளும் தாமாகவே ஸ்டார்ட் ஆகும். நின்றுதானே இருக்கிறது என்று விரலை உள்ளே விடக் கூடாது. ஆனால் கழற்ற முன் திரையில் இருக்கும் அலாரம் குறியீட்டை (கோட்) போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது என்ற கணக்கையும் சேர்த்து எடுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு யோசிப்பவர்கள் பாதி நாளை வீணாக்குவார்கள்.

அப்புறம் ரேடியேற்றர் மூடி. சூடாக இருக்கும்போது அதைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த அந்த நொடியில் அது கொதித்து ஆவியோடு முகத்துக்குப் பீறிடும். குறைந்தது முக்கால் மணி நேரம் பொறுங்கள். மேல் ஹோஸை அழுத்திப் பார்த்து, அது மெத்தென்று இருந்தால் மட்டும், தடித்த துணி போட்டுக் கால் சுற்று திருப்பி, காற்று போன பிறகு திறங்கள்.

எப்படி நின்றது?

டிரைவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. "நின்றுபோச்சு" என்ற பதில் போதாது. ஓடிக்கொண்டிருந்தது பட்டென்று, சுவிட்சை ஓஃப் பண்ணியது போல் நின்றதா? ஏறி இறங்கி, மூச்சு வாங்கி, மெல்ல மெல்லச் செத்ததா? அரை மணி ஆறவிட்டால் திரும்ப ஓடுகிறதா? அல்லது என்ஜின் ஓடுகிறது, கொள்கலனுக்கு மட்டும் கரண்ட் இல்லையா?

பட்டென்று நின்றால் மின் பக்கம், அல்லது பாதுகாப்பு நிறுத்தம். மூச்சு வாங்கி நின்றால் டீசல் பக்கம். ஆறவிட்டால் ஓடி, பிறகு ஏறக்குறைய அதே நேரத்தில் திரும்ப நின்றால் சூடு. என்ஜின் ஓடியும் கரண்ட் இல்லையென்றால் பிரேக்கர், பிளக், அல்டர்னேற்றர் பக்கம் பாருங்கள். அங்கே என்ஜினைத் தோண்டிப் பயனில்லை. இது நூற்றுக்கு நூறு சரியாக வரும் விதி அல்ல, ஆனால் எங்கே தொடங்குவது என்று காட்டிவிடும்.

எங்கே நின்றது என்றும் கேளுங்கள். இங்குருக்கடைச் சந்தியில் வாகன நெரிசலில் நின்றதா, கடுகண்ணாவை ஏற்றத்தில் நின்றதா என்பது பெரிய வித்தியாசம். ஏற்றத்திலும் வளைவிலும் மட்டும் நிற்கிறதென்றால் முதலில் ஒயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். ஒயில் குறைவாக இருந்தால் சரிவில் பம்புக்கு ஒயில் எட்டாது, அழுத்தம் விழும், சுவிட்ச் நிறுத்திவிடும். சமதரையில் வந்து நின்றதும் எல்லாம் நன்றாகத் தெரியும். நெரிசலில் மட்டும் நிற்கிறதென்றால், முன்னாலிருக்கும் லொறியின் சூடும் தன்னுடைய சூடும் வெளியேற வழியில்லாமல் ஜென்செட்டுக்கே திரும்பி வருகிறது என்று சந்தேகப்படலாம்.

சூடு: வெளியிலிருந்து உள்ளே

இந்த வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. காசு செலவாகாததை முதலில் பாருங்கள், கழற்ற வேண்டியதைக் கடைசியில்.

முதலில் ரேடியேற்றர். ட்ரெயிலருக்கு அடியில் தொங்கும் ஜென்செட்டுக்குச் சேறும் தூசியும் அடிக்கும். முகத்துவாரம், மட்டக்குளி பக்கம் நிறுத்தி வைத்திருந்தால் கடலுப்பும் சேரும். எங்காவது கொஞ்சம் ஒயில் கசிந்தால் தூசி அதில் ஒட்டி அடை போல் பிடித்துவிடும். வெளிப்பக்கம் சுத்தமாகத் தெரிந்தாலும் நம்ப வேண்டாம். ஒரு பக்கம் டோர்ச் பிடித்து மறுபக்கம் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் விசாரணை கிட்டத்தட்ட முடிந்தது.

கழுவுவதற்கும் முறை உண்டு. காற்று எந்தப் பக்கமிருந்து உள்ளே போகிறது என்று முதலில் அறியுங்கள்; என்ஜின் ஓடும்போது ஒரு காகிதத் துண்டைக் கிட்டே பிடித்தால் ஒட்டிக்கொள்கிறதா, பறக்கிறதா என்று தெரியும். காற்று போகும் திசைக்கு எதிர்த்திசையில் தண்ணீர் அடிக்க வேண்டும். அதே திசையில் அடித்தால் அழுக்கு இன்னும் உள்ளே போய் இறுகும். சேர்விஸ் நிலையத்தின் பிரஷர் வோஷரைக் கிட்டப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, அழுக்கு செய்ததை விட மோசமாக அடைத்துவிடும். சாதாரண ஹோஸ் தண்ணீர், ஒயில் பிசுக்கு இருந்தால் அலுமினியத்துக்கு ஆகாத காரம் இல்லாத கழுவு திரவம், பொறுமை. இவ்வளவு போதும்.

இன்னொன்றும் உண்டு, பலர் கவனிக்காதது. ஜென்செட்டின் பக்கத் தகடுகளும் கதவும் ரேடியேற்றரைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டிகளும் அழகுக்காக இல்லை. ஃபேன் இழுக்கும் காற்று ரேடியேற்றர் வழியாகவே போக வேண்டும் என்பதற்காக அவை இருக்கின்றன. "சூடாகிறதே, கதவைத் திறந்து விடுவோம்" என்று திறந்துவைத்தால் ஃபேன் சுலபமான வழியில் காற்றை இழுத்துக்கொள்ளும், ரேடியேற்றருக்குக் காற்றுக் குறையும். கதவைத் திறந்ததாலேயே சூடு கூடிய ஜென்செட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். தொலைந்துபோன ரப்பர் பட்டியைத் திரும்பப் போடுங்கள்.

பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் தாழ வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் தொய்வு. பக்கங்கள் கண்ணாடி போல் பளபளத்தால் அது வழுக்கியிருக்கிறது. இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள்.

இனிக் கூலன்ட். இங்கே அநேகர் சொல்வது: "நமக்கென்ன பனியா பெய்கிறது, வெறும் தண்ணீர் போதும்." பனிக்காக மட்டும் கூலன்ட் ஊற்றுவதில்லை. அது துருவைத் தடுக்கும், தண்ணீர்ப் பம்பைக் காக்கும், கொதிநிலையை உயர்த்தும். 1 பார் அழுத்த மூடி போட்ட ரேடியேற்றரில் வெறும் தண்ணீர் ஏறக்குறைய 120 பாகையில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் ஏறக்குறைய 129 பாகை வரை தாங்கும். மூடியின் ரப்பர் கிழிந்து அழுத்தமே நிற்காவிட்டால் தண்ணீர் 100 பாகையிலேயே கொதித்து வழிந்துவிடும். அதனால்தான் கூலன்ட் எங்கே போகிறதென்று தெரியாமல் குறைந்துகொண்டே வந்தால் நான் முதலில் மூடியை மாற்றச் சொல்வேன். இந்த வேலையிலேயே மிக மலிவான மருந்து அதுதான்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கொழும்புக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் களனி ஆற்றிலிருந்து வருவது; அதில் சுண்ணாம்பு குறைவு. யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படியுமே, அதேதான் ரேடியேற்றர் குழாய்களுக்குள்ளும் படியும். யாழ்ப்பாணத்துக்கு ஏ9 வீதியில் ஓடும் டிரைவர்களுக்கு நான் சொல்வது: கலந்து வைத்த கூலன்ட் 5 லீற்றர் கான் ஒன்று எப்போதும் லொறியில் இருக்கட்டும். அவசரத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் தப்பில்லை. கொழும்புக்கு வந்ததும் சொல்லுங்கள், வடித்து மாற்றிவிடலாம். பச்சையும் சிவப்புமாக வேறு வேறு வகைக் கூலன்ட்டுகளைக் கலக்காதீர்கள். சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் கூழாகிவிடும்.

இவ்வளவும் சரி, இன்னும் சூடா? அப்போது ஹோஸ்களைத் தொட்டுப் பாருங்கள், கையுறையோடு. என்ஜின் நன்றாகச் சூடாகியும் மேல் ஹோஸ் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணீருக்கு வழி விடும் வால்வு) திறக்கவில்லை. மேல் ஹோஸ் கொதிக்கிறது, கீழ் ஹோஸ் குளிர்ச்சியாக இருக்கிறது என்றால் ரேடியேற்றரின் உள்ளே அடைப்பு, அல்லது பம்ப் தள்ளவில்லை. மேல், கீழ் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால் தண்ணீர் ஓடுகிறது, சூட்டைக் காற்று எடுக்கவில்லை. திரும்ப ஃபேனுக்கும் தகடுகளுக்கும் போங்கள். தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க யார்ட் சமையலறை போதும்: பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்துச் சூடாக்குங்கள். அதில் பொறித்திருக்கும் பாகையை ஒட்டித் திறக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டே இல்லாமல் ஓட்டுவது இங்கே பழக்கமாகிவிட்டது. அது வேண்டாம். சில என்ஜின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு கூடவே செய்யும்.

சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: பளபளக்கும் உலோகத்தில் அது பிழையாகக் காட்டும். அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, டேப்பைக் குறிபார்த்து அளங்கள்.

கடைசியில்தான் ஹெட் கேஸ்கட், அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜின் உடம்புக்கும் நடுவில் இருக்கும் தகடு. என்ஜின் குளிராக இருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். விடாமல் குமிழி வந்தால், அல்லது மூடியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிய ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் கல் போல் இறுகினால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தாலும் அதுவேதான். அதற்கு மேல் ஓட்டாதீர்கள், பாஸைக் கூப்பிடுங்கள்.

இயந்திரம் எல்லாம் நன்றாக இருந்தும் சூடாகிறதென்றால் சுமையை நினைத்துப் பாருங்கள். வெயிலில் நின்று உள்ளே 40 பாகைக்குக் காய்ந்த வெற்றுக் கொள்கலனைக் குளிராக்கும்போதுதான் ஜென்செட்டுக்கு மிகக் கூடிய சுமை. முடிந்தால் அந்த வேலையை யார்ட் கரண்டில் முடித்துவிட்டுப் பிறகு ஜென்செட்டுக்கு மாற்றுங்கள்.

சூடே இல்லாமல் சூடு என்று நிற்பது

தொட்டுப் பார்த்தால் என்ஜின் சாதாரணமாக இருக்கிறது, திரை மட்டும் சூடு என்கிறது. இங்கே வயர்தான் குற்றவாளி. பழைய மாடல்கள் பலவற்றில் வெப்பச் சுவிட்ச் சூடானதும் வயரை என்ஜின் உடம்போடு இணைக்கும். அந்த வயரின் தோல் உரிந்து எங்காவது இரும்பில் பட்டாலும் மெஷினுக்கு அது சூடுதான். புதிய மாடல்களில் சென்சர். சூடு கூடக் கூட அதன் மின்தடை குறையும். அங்கேயும் வயர் உடம்பில் பட்டால் மிகப் பெரிய சூடாகக் காட்டும். சில மாடல்களில் வேலை செய்யும் விதம் எதிர்மாறு, அதனால் உங்கள் மெஷினின் வயரிங் படத்தை முதலில் பாருங்கள்.

கொழும்பின் ஈரக் காற்றில் கனெக்டர் பின்கள் சீக்கிரம் பச்சை பிடிக்கும். கழற்றி, கொன்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டுப் பூட்டுங்கள். பற்றரியின் எர்த் வயரையும் மறக்க வேண்டாம். ஸ்டார்ட்டர் சுற்றும்போது பற்றரியின் நெகட்டிவுக்கும் என்ஜின் இரும்புக்கும் நடுவில் மல்டிமீற்றர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பற்றரி நிறைந்து, ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் அளவு. என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்க வேண்டும்.

நிறுத்தியது மின்சாரமா டீசலா என்று தெரியாவிட்டால், எனக்கு மிகப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. டீசலைத் திறந்து விடும் சொலினொயிட்டின் முனையில் மல்டிமீற்றரைக் கட்டி, அதன் திரையும் என்ஜின் சத்தமும் சேர்ந்து பதிவாகும்படி போனில் வீடியோ எடுத்துக்கொண்டு இருங்கள். என்ஜின் சாக முன்னரே 12 வோல்ட் போய்விட்டதென்றால் மின்சாரம் நிறுத்தியிருக்கிறது. என்ஜின் சாகும்வரை 12 வோல்ட் நின்றிருந்தால் டீசல் வரவில்லை, அல்லது சொலினொயிட்டே பழுது. மணிக்கணக்கான வாக்குவாதத்தை இந்த ஒரு வீடியோ முடித்துவிடும்.

டீசல்

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது பரலிலும் கானிலும் டீசல் சேர்த்து வைத்தார்கள். அதோடு சில தாங்கிகளுக்குள் தண்ணீரும் அழுக்கும் போயின. நம் ஈரப்பதத்தில் பாதி காலியான தாங்கிக்குள் தானாகவும் தண்ணீர் சேரும், அந்தத் தண்ணீரில் பாசி போல் கறுப்பாக ஒன்று வளரும். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தை வாரம் ஒரு தடவை ஒரு கண்ணாடிப் போத்தலில் வடித்துப் பாருங்கள். ஃபில்டரை மாற்றியும் சில நாளில் திரும்ப அடைத்தால் தாங்கியைக் கழுவ வேண்டிய நேரம்.

ஒரு மணி நேரம் ஓடி நிற்கிறது, டீசல் மூடியைத் திறந்ததும் உஸ் என்று காற்று இழுக்கிறது, பிறகு ஓடுகிறது என்றால் தாங்கியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு ஊசி போதும்.

பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது

உதிரிப்பாகம் வாங்கப் பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குப் போகும்போது பழுதான பாகத்தைக் கையோடு கொண்டு போங்கள், என்ஜினின் இலக்கத் தகட்டையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பச் சுவிட்சுகள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். மரை பொருந்தும், வேலை செய்யும் பாகை வேறாக இருக்கும். பொருந்தியது என்று பூட்டினால் 15 பாகை பிந்தி நிறுத்தும். ரேடியேற்றர் மூடியும் அப்படித்தான், அழுத்த இலக்கத்தை வாசித்து வாங்குங்கள். பாவித்த பாகம் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் பாதுகாப்புச் சுவிட்ச், தெர்மோஸ்டாட், மூடி, பெல்ட் ஆகிய நான்கையும் நான் புதிதாகவே வாங்குவேன்.

வீதியில் நின்றுவிட்டால்

கொள்கலன் கதவைத் திறந்து பார்க்காதீர்கள். மூடியிருக்கும்வரை உறைந்த சரக்கு பல மணி நேரம் தாங்கும். பழமும் பச்சைச் சரக்கும் அதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். நின்ற நேரத்தையும் குளிர் மெஷின் காட்டும் பாகையையும் எழுதி, பொறுப்பாளருக்கு உடனே அனுப்புங்கள். பக்கத்தில் ரீஃபர் பிளக் உள்ள யார்ட் அல்லது குளிர்க் களஞ்சியம் எது என்று பயணம் தொடங்க முன்னரே கேட்டு வைத்திருங்கள். குளிர் மெஷின்கள் பெரும்பாலும் நம் 400 வோல்ட் 50 ஹேர்ட்ஸ் கரண்டிலும் ஓடும், அதனால் பிளக் பொருந்தும் இடம் கிடைத்தால் போதும். ஆறவிட்டு ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம். திரும்பவும் சூடு காட்டி நின்றால் இன்னொரு தடவை வேண்டாம்.

திருத்திய பிறகு

சுமையில்லாமல் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு "சரி" என்று சொல்லி அனுப்பிய வண்டிகள்தான் திரும்பி வரும். ரீஃபரை மாட்டி, முழுச் சுமையில் குறைந்தது ஒரு மணி நேரம், கூடுமானால் பகல் வெயிலில் ஓட்டுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் வெப்பத்தை எழுதுங்கள். ஏறி ஒரு இடத்தில் நிலைத்தால் நல்லது. மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது. கரண்டின் மீடிறனையும் பாருங்கள், சுமையோடு 60 ஹேர்ட்ஸை ஒட்டி இருக்க வேண்டும். ஆறிய பிறகு கூலன்டும் ஒயிலும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து நிரப்புங்கள். பிறகு ஜென்செட் புத்தகத்தில் திகதி, ஓடிய மணித்தியாலம், அலாரம் கோட், எதை மாற்றினீர்கள், நிலைத்த வெப்பம் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள். அடுத்த தடவை நள்ளிரவில் அதைத் திறப்பவர் வேறொருவராக இருப்பார். அவர் முதலில் தேடுவது அந்தக் கடைசி இலக்கத்தைத்தான்.